மாண்டான் மலைப்பனியில்

உலகத்தில் எல்லா மொழிக்காரர்களும் காதலித்திருக்கிறார்கள்; ஆனால் எதுகையும் மோனையும் பொருந்தக் காதலித்தவன் தமிழன் ஒருவனே! தென்காசி முத்தமிழ்ச் சோலை மன்றத்தின் ஆண்டு விழாவில் தலைவர் வல்லிநாயகம் அண்ணாச்சி இப்படித்தான் முழங்கினார். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கவிஞர் சாரல்வேந்தன், அது தன்னைப் பற்றிய தகவல்தான் என்பதுபோல் கண்களை மூடி மெதுவாகத் தலையை ஆட்டினான்.

சாரல்வேந்தனுக்கு வயது இருபத்தேழு. வீட்டில் வைத்த பெயர் பால்வண்ணநாதன். மாமாவின் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற வேலை. அதுவரை அவனிடம் பேசிய பெண்கள் எல்லோரும், "எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

அது 1962. சீனாக்காரன் இமயமலையில் இறங்கிவிட்டான் என்று ரேடியோ சொன்னதும் ஊர் ஊராக யுத்த நிதிக் கூட்டம். தென்காசி பின்வாங்குமா? கவியரங்கம் என்று முடிவாயிற்று. 'வாள்' என்ற தலைப்பு தமிழாசிரியருக்கு, 'வேல்' மருந்துக்கடைக்காரருக்கு, 'பனி' பால்வண்ணநாதனுக்கு.

பனி என்றால் மார்கழி விடிகாலையில் புல் நுனியில் இருப்பது. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள இமயமலை குற்றாலம்தான் என்று தானே தீர்மானித்துக்கொண்டு, ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டான்.

மழை பிடித்துக்கொண்டது. சாரல் அல்ல. சாரலுக்கு ஒரு மரியாதை உண்டு. முகத்தில் ஊதிவிட்டு நகர்ந்துவிடும். இது ஐப்பசி மழை. வந்தால் சம்பந்தி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பால்வண்ணநாதன் ஓடிப்போய் காஜாவின் நேந்திரங்காய் வறுவல் கடைத் தகரத்தின் கீழ் ஒண்டினான். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் நின்றிருந்தாள். அவன் பார்க்கவில்லை. கவிஞன் அல்லவா... அவன் கண்கள் திறந்திருந்தன, அவ்வளவுதான்.

"பனியே..." என்று முணுமுணுத்தான். கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறி இறங்கியது. "இனியே... தனியே..."

அந்தப் பெண் ஒரு அடி நகர்ந்தாள்.

"கனியே..."

"யாரைக் கனிங்கீக?"

பால்வண்ணநாதன் திடுக்கிட்டுப் பார்த்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான். கோபத்தில் இருந்தன. கோபத்திலேயே இவ்வளவு அழகாக இருந்தால்... அதற்கு மேல் யோசிக்க அவனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

"என்னம்மா சத்தம்?" என்றான் காஜா, சட்டியிலிருந்து தலை எடுக்காமல்.

"இவுக தனியே இனியேங்காக. கனியேங்காக. என்னன்னு கேளுங்க, பாய்."

"நம்ம கடையில காய்தான் அண்ணாச்சி. கனி கெடையாது" என்றான் காஜா.

பால்வண்ணநாதன் நெஞ்சை நிமிர்த்தினான். "அம்மணி, நான் கவிஞர் சாரல்வேந்தன். பனியைப் பற்றிக் கவிதை புனைகிறேன். எதுகை தேடிக்கொண்டிருந்தேன்."

"சாரல்வேந்தனா?" அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பொறம் ஏன் நனைஞ்சிரக் கூடாதுன்னு இங்கன ஒதுங்கி நிக்கீக?"

காஜா சிரித்துவிட்டான். அவளும்... சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கண்கள் கேட்கவில்லை, சிரித்துவிட்டன. "எதுகைதானே? சனியேன்னு போடுங்க. இன்னிக்குச் சனிக்கெழமை."

மழைக்கு அதைவிடப் பெரிய வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நின்று நிதானமாகப் பெய்தது. அந்த நேரத்தில் அவன் தெரிந்துகொண்டவை: அவள் பெயர் வடிவாம்பாள், ஊர் இலஞ்சி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவள் கைகள் ஒரு நிமிடம் சும்மா இல்லை. பாசிப்பச்சைக் கம்பளி நூலை இரண்டு ஊசிகளில் கோத்து, நின்றபடியே பின்னிக்கொண்டிருந்தாள்.

"குத்தாலத்துல ஸ்வெட்டரா?" என்று கேட்டான். கவிதைத் தமிழ் எப்போது கழன்று விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஊசி நின்றது. "பட்டாளத்துக்காரங்களுக்கு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் பின்னி அனுப்புதோம். எங்க அண்ணனும் அங்கனதான் இருக்கான்... நேபாங்காக, அந்தச் சீனா எல்லையில. ஒரு மாசமா ஒரு தாக்கலும் இல்ல."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அன்று அவன் செய்த நல்ல காரியம்.

"யாரு போடப் போறாகன்னு தெரியாதுல்லா... அளவு சொல்லலை. நான் எல்லாத்தையும் அண்ணன் அளவுக்கே பின்னுதேன்" என்றாள், மழையைப் பார்த்துக்கொண்டு.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் 'வந்துருவாகம்மா' என்று சொல்லியிருப்பான். அவன் சொன்னது: "உங்க அண்ணனைப் பாட்டுல வைக்கேன். பேரு என்ன?"

"சங்கரநாராயணன்." அவள் கண்கள் விரிந்தன. "நெசமாவா? மேடையிலயா?"

"மைக்குல. அம்மையையும் கூட்டிட்டு வாங்க. முன் வரிசையில உக்காருங்க."

"அம்மைக்கு மனசு தேறணும். சாப்பாடே எறங்கலை அவளுக்கு. நீங்க நாலு நல்ல வார்த்தை சொன்னா... அது போதும்."

நாலு நல்ல வார்த்தை. அதற்குத்தானே கவிஞன்!

பிறகு அவள் தென்காசிக்கு வருகிற வேலைகள் திடீரென்று அதிகமாயின. ஊசி வாங்க வருவாள். நூல் வாங்க வருவாள். ஒருநாள் அண்ணன் குடிக்கிற பித்தளை டம்ளரைக் கொண்டுவந்து, "பேரு வெட்டணும்" என்றாள். இருபது வருஷமாகப் பெயர் இல்லாமலே புழங்கிய டம்ளர். அவன் உளியை வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளிகளாகப் பெயரை வெட்டினான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது எழுத்தை அவன் அவ்வளவு மெதுவாக வெட்டியதை மாமா அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்று வானம் தன் நீர்க்குடத்தை..." என்று அவன் ஆரம்பிப்பான்.

"மழை வருதுன்னு சொல்லுங்களேன். மழை வருதுன்னா மழை வருதுதான?"

"அதுல அழகு இல்லையே!"

"உண்மை இருக்குல்லா..." என்று சிரித்துவிட்டுக் குடையை விரிப்பாள். அந்தச் சிரிப்பை வைத்து அவன் பன்னிரண்டு வெண்பா எழுதினான். நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவியரங்கம் முடியட்டும், பொன்னாடை போர்த்தியபின் சொல்லலாம் என்று வைத்திருந்தான். பொன்னாடையோடு சொன்னால் எந்தப் பெண் மறுப்பாள்?

கார்த்திகையில் கவியரங்கம் நடந்தது. பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. வாள் சுழன்றது. வேல் பாய்ந்தது. மருந்துக்கடைக்காரர் சீனாவை நான்கு முறை தோற்கடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண்கள் பகுதியில் முன் வரிசையில் வடிவாம்பாள். பக்கத்தில் அவள் அம்மா தங்கபுஷ்பம், காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு.

பால்வண்ணநாதன் எழுந்தான். வடிவாம்பாளைப் பார்த்தான். அவள் அம்மாவின் கையைத் தட்டி, 'இவுகதான்' என்று காட்டியது தெரிந்தது. அவன் குரலை உயர்த்தினான்.

"இலஞ்சி பெற்ற இளஞ்சிங்கம் சங்கரநாராயணனைக் கேளுங்கள்!

பூண்டான் புலிக்கோலம்! பொங்கினான் போர்முனையில்!
தாண்டாதே எல்லையெனத் தடுத்தான் பகைவனையே!
மாண்டான் மலைப்பனியில் மங்காப் புகழோடே!"

மைதானம் அதிர்ந்தது. "மறுபடியும்! மறுபடியும்!" பால்வண்ணநாதனின் காதுகளில் கைதட்டல் தேனாகப் பாய்ந்தது. மறுபடியும் சொன்னான். மூன்றாவது அடியைக் கொஞ்சம் இழுத்தே சொன்னான்.

அந்தக் கைதட்டலுக்குள் ஒரு அலறல் இருந்தது. யாருக்கும் பிரித்துக் கேட்கவில்லை.

மேடையில் மைக்கில் சொல்கிறார்கள். தாசில்தார் உட்கார்ந்திருக்கிறார். தெரியாமலா சொல்லுவார்கள்? தங்கபுஷ்பத்துக்கு அவ்வளவுதான் தெரியும். "எம் மவனே... எப்ப ஐயா? எனக்கு ஏன் சொல்லலை?" என்று எழுந்தவள், மேடைப் பக்கம் தள்ளாடி வந்து, காதிலிருந்த கம்மலைக் கழற்றி, 'இனி எனக்கு எதுக்கு' என்று எறிந்தாள். அது யுத்த நிதித் தட்டில் விழுந்தது.

வல்லிநாயகம் அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கினார். "பார்த்தீர்களா வீரத்தாயை! மகனைக் கொடுத்தாள்! காதணியும் கொடுத்தாள்! வீரத்தாய் வாழ்க!"

"வாழ்க!" என்றது மைதானம். போட்டோ எடுத்தார்கள். பொன்னாடையும் போர்த்தினார்கள். பொன்னாடைக்குள்ளிருந்து பால்வண்ணநாதன் முன் வரிசையைத் தேடினான். இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன.

மறுநாள் காலையில் வடிவாம்பாள் கடைக்கு வந்தாள். குடை இருந்தது, விரிக்கவில்லை. நனைந்திருந்தாள்.

"அண்ணன் செத்துட்டான்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும்... யாரும் சொல்லலை. அது கவிதை."

"அம்மை அண்ணன் படத்துக்கு மாலை போட்டுட்டா. தண்ணி குடிக்க மாட்டேங்கா. இல்லம்மா, அது பாட்டுன்னு சொன்னா, 'மைக்குல ரெண்டு தரம் சொன்னாகளேட்டி'ங்கா."

பால்வண்ணநாதன் உளியைக் கீழே வைத்தான். அவன் வாயிலிருந்து வந்தது மன்னிப்பு அல்ல. "பூண்டான், தாண்டா... அதுக்கு அடுத்து எதுகை வேணும்லா? வேற சொல் அமையலை."

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். சிரிக்கத் தெரிந்த அந்தக் கண்கள்.

"மீண்டான்னு போட்டிருக்கலாமே" என்றாள்.

பால்வண்ணநாதன் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தான்.

பூண்டான். தாண்டா. மீண்டான். எதுகை கச்சிதமாக இருந்தது. தையல் டீச்சர் சொன்னதாலோ என்னவோ, பால்வண்ணநாதனுக்குள் சாரல்வேந்தன் சிலிர்த்து எழுந்துவிட்டான்.

"எதுகை நிக்கும். மோனை சாஞ்சிரும். மாண்டான் மலைப்பனியில்... 'மா'வுக்கு 'ம'தான் பொருந்தும். 'மீ'க்கு 'ம' மோனை ஆகாது. உனக்கு... உங்களுக்கு அது புரியாது."

"மோனைக்காகவா எங்க அண்ணனைக் கொன்னீக?"

அவள் குரல் இறங்கியது. கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ... "சரி. போகட்டும். இப்பவே எங்கூட வாங்க. அம்மை முன்னால நின்னு, 'நான் சும்மா எழுதினேன், எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவா." முந்தானையை விரலில் சுற்றினாள். "மத்ததெல்லாம்... நான் பாத்துக்கிடுதேன்."

மத்ததெல்லாம். அந்தச் சொல் அவன் நெஞ்சுக்குள் இறங்கியது. புரிந்தது. நன்றாகவே புரிந்தது. எழுந்திருக்கப் பாதி எழுந்தும்விட்டான். அந்த நேரம் பார்த்து வல்லிநாயகம் அண்ணாச்சி கடைக்குள் நுழைந்தார்.

"தம்பி! அம்பாசமுத்திரத்துலயும் கூப்பிடுதாங்க. அதே பாட்டு வேணுமாம்! அந்த வீரத்தாயையும் மேடையேத்தணும்!" விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கியது. "ஏலே, கவிஞன் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவா? ஊரு சிரிக்காது? பொறவு உனக்கு மேடை ஏது?"

பால்வண்ணநாதன் மறுபடி உட்கார்ந்தான். "நாளைக்கு வாரேன்" என்றான்.

அவள் போனாள். நனைந்த தெருவில் அவள் போவதைக் கடைசிவரை பார்த்தான். நாளைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஒரு வாரம் கழித்து, 'வருத்தப் பாமாலை' என்ற தலைப்பில் எட்டு விருத்தம் பாடி, வாழ்த்துமடல் அச்சடிக்கிற ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆள் மூலம் இலஞ்சிக்கு அனுப்பினான். எட்டு விருத்தத்திலும் எதுகை, மோனை, இயைபு எல்லாம் இருந்தன. 'சும்மா எழுதினேன்' என்பது மட்டும் இல்லை. அதற்கு மோனை கிடைத்திருக்கவில்லை போலும்.

சட்டம் அன்று சாயங்காலமே திரும்பி வந்தது. கண்ணாடி உடையவில்லை. உடைத்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வைகாசியில் சங்கரநாராயணன் மீண்டான்.

சீனாக்காரன் பிடித்துவைத்திருந்தவர்களை விட்டுவிட்டான். தன் படத்துக்குப் போட்ட மாலையைத் தானே கழற்றினான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து ஒருநாள் அவனே கடைக்கு வந்தான். இடது கால் கொஞ்சம் சாய்ந்து நடந்தது. பின்னால் ஒரு மாட்டு வண்டி நிறையப் பாத்திரம்.

"நீருதான் என்னைக் கொன்னவரோ?" என்று சிரித்தான். "பாட்டு நல்லா இருந்துச்சாமே. கொஞ்சம் சொல்லும், கேப்போம்."

பால்வண்ணநாதன் தரையைப் பார்த்தான். வந்தவன் செருப்புக்குள் இடது காலில் விரல்கள் இல்லை.

"பனி தின்னுட்டு" என்றான் சங்கரநாராயணன், அவன் பார்வையைப் பார்த்துவிட்டு. "மொதல்ல வலிக்கும். பொறவு வலிக்காது. வலிக்காமப் போனாத்தான் ஆபத்துன்னு டாக்டர் சொன்னான். அது கெடக்கட்டும்... தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம். ஆலங்குளத்து மாப்பிள்ளை. பாத்திரத்துக்கெல்லாம் பேரு வெட்டணும். தென்காசியில கையெழுத்து நல்லா இருக்கது உமக்குத்தானாமே."

"யாரு சொன்னா?"

"வேற யாரு? அவதான்."

பால்வண்ணநாதன் வெட்டினான். குடத்தில், சருவத்தில், அண்டாவில், பால் சொம்பில், அரிக்கன் சட்டியில், கரண்டியின் காம்பில்... வடிவாம்பாள், வடிவாம்பாள், வடிவாம்பாள். இன்னொருத்தன் வீட்டு அடுப்படிக்கு. எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. கூடவே ஒரு வாழ்த்துப் பா எழுதித் தரட்டுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, அன்று முதல்முறையாக நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சாரல்வேந்தன் மேடை ஏறவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஏறினான். மூன்று கவியரங்கம். ஆனால் ஒவ்வொரு முறை கைதட்டும்போதும் அதற்குள் வேறு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தான். அதனால் அடுத்த அடி மறந்து போயிற்று. நாலாவது முறை யாரும் கூப்பிடவில்லை.

1966 ஆடி. சாரல் என்றால் அப்படி ஒரு சாரல். மலை தன் முகத்தை மூடுவதும் திறப்பதுமாக... பால்வண்ணநாதன் அருவிக்கரைக் கல்லில் உட்கார்ந்து உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து முடித்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அருவிக்குப் போகும் பாதையில் நடந்தான். எதிரே குடையின் கீழ் அவள் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. கண்கள் மட்டும் அதே கண்கள். கொஞ்சம் களைத்திருந்தன.

திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தான். அவள் பார்த்துவிட்டாள்.

"சௌக்கியமா?" என்றாள் அவளே.

"ம். அம்மை?"

"இருக்கா. கம்மல் மட்டும் திரும்பப் போட மாட்டேன்னுட்டா." குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டாள். "அண்ணனும் அவுகளும் குளிக்கப் போயிருக்காக. நான் காவல்."

இவ்வளவுதான் பேச்சு. இதோடு போய்விடலாம். நாலு வருஷமாகத் தினமும் விலகிப் போய்க்கொண்டுதானே இருந்தான்... அவன் நின்றான்.

"மோனை இல்ல" என்றான்.

"என்னது?"

"அன்னிக்கு மோனைக்காகன்னு சொன்னேன்லா. பொய்." மழைத்தூறல் அவன் தலையில் விழுந்து, நெற்றியில் இறங்கியது. "மொதல்ல மீண்டான்னுதான் எழுதினேன். உன்னைய... உங்களை நெனைச்சுத்தான் எழுதினேன். வாசிச்சுப் பாத்தேன். மீண்டான்னா யாரு கைதட்டுவா? அடிச்சுட்டு மாத்தினேன். கைதட்டுக்குத்தான். வேற ஒண்ணுக்கும் இல்ல."

அவள் குழந்தையின் தலையில் நழுவிய முந்தானையை இழுத்துவிட்டாள்.

"அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்பவே வந்திருக்கணும். அம்மை முன்னால சொல்லியிருக்கணும். பொறவு உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லியிருக்கணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துது. நனைஞ்சுட்டே நீங்க போறதைப் பாத்துட்டேதான் இருந்தேன். எந்திரிச்சு வரலை."

நாலு வருஷத்தில் அவன் பேசிய ஒரே உருப்படியான பேச்சு. அலங்காரம் ஒன்றும் இல்லை. வடிவாம்பாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். குற்றாலத்து வெளிச்சத்தில் அந்தக் கண்கள் நிறைந்து தளும்பின.

"உங்களுக்கு இப்படிப் பேசத் தெரியுமா..." என்றாள் மெதுவாக. "இதைத்தான நான் அன்னிக்குக் கேட்டேன்? ஒரு நாள் முழுக்க வாசல்லயே நின்னேன். ஏட்டி, யாரைப் பாக்கேன்னு அம்மை அந்தப் படுக்கையில இருந்துட்டே கேட்டா."

அவன் வாயைத் திறந்தான். கண்கள் சிவந்து, இமைகள் துடித்து, இரண்டு கன்னத்திலும் நீர் வழிந்தது.

அவள் பதறிப்போனாள். கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "ஐயோ, அழாதீக. எனக்கு உங்க மேல இருந்ததெல்லாம் இந்தக் கண்ணீரோட போச்சு. நல்லா இருங்க" என்றாள். குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டு, குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பால்வண்ணநாதனுக்குக் கண்ணில் எண்ணெய் இறங்கியிருந்தது. அதை அவன் அவளிடம் சொல்லவில்லை.